பதினஞ்சு நாள் மாத்திரைக்கு அரை நாள் பொழப்பு போச்சு

காலைல ஏழே காலுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரில போய் நின்னோம், நானும் எங்கம்மாவும். வெளிய வரும்போது பன்னெண்டே முக்கால். எதுக்குன்னு கேளுங்க, சுகருக்கு அதே மெட்ஃபார்மின், பிபிக்கு அதே அம்லோடிபின், மூணு வருஷமா மாறாத அதே ரெண்டு மாத்திரை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல நின்னு வளந்த ஆளுங்க நாங்க, காத்துக்கினு இருக்கறது ஒண்ணும் புதுசில்ல, ஆனா அந்த கேட்டாச்சும் கூட்ஸ் போனா திறந்துடும்யா.

இங்க நாலு வரிசை. ஓபி சீட்டுக்கு ஒண்ணு, பிபி பாக்க ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, மாத்திரை ஜன்னலுக்கு ஒண்ணு. சீட்டு போடுற அக்கா ஒரே ஆளு, பேரை நோட்ல எழுதி, அப்பால அதே பேரை கம்ப்யூட்டர்ல தட்டி, நடுவுல தடுப்பூசிக்கு கொழந்தைய தூக்கினு வந்தவங்களுக்கும் பதில் சொல்லிக்கினு, பாவம் அவங்க ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பாக்கல. என் கோவம் அவங்க மேல இல்ல, இத இப்படி அமைச்சு வெச்சவன் மேல. ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சுட்டு பிபி பாத்தா ஏறாம இன்னா பண்ணும்? "இன்னா ஆயா, ஜாஸ்தியா இருக்கே, உப்ப கொறைங்க"ன்னு அட்வைஸ் வேற. சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வந்த ஒரு பெரியவர் கண்ண இருட்டுதுன்னு அப்டியே சுவத்தோரமா குந்திட்டாரு, யாரோ பார்லே ஜி குடுத்தாங்க, தின்னா டெஸ்ட் போச்சேன்னு அவர் அத கையிலயே வெச்சுக்கினு இருந்தாரு.

டாக்டர் கிட்ட போனா ஒரு நிமிஷம் கூட ஆகல. "அதே மாத்திரை போடுங்க." இதுக்கு தானா?

கணக்கு போட்டு பாருங்க. 15 நாளுக்கு ஒருக்கா குடுத்தா ஒரு ஆளு வருஷத்துக்கு 24 தடவை வந்தாகணும், ரெண்டு மாசத்துக்கு சேத்து குடுத்தா 6 தடவை. சுகர் ஏறி எறங்குற ஆளுங்கள டாக்டர் அடிக்கடி பாக்கட்டும், வேணாம்னு சொல்லல, கன்ட்ரோல்ல இருக்கறவங்கள ஏன் அதே வரிசைல தள்றீங்க? அவங்களுக்கு நேரா ஜன்னல்ல குடுத்துட்டா பாதி கூட்டம் காலி. ஸ்டாக் வராதும்பாங்க. 1994ல ஆரம்பிச்ச நம்ம தமிழ்நாடு அரசோட மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமா மருந்து வாங்குறதுல வெளி மாநிலத்துக்காரன் வந்து பாத்துட்டு போற அளவுக்கு பேர் வாங்கினது. அந்த ஊர்ல இருந்துக்கினு ஒரு அட்டைய கிழிச்சு பாதி குடுக்கறீங்களே.

2021ல இருந்து பிபி, சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கற திட்டம் இருக்கு, நல்ல திட்டம். அந்த லிஸ்ட்ல அம்மா பேரை எப்டி சேக்கறதுன்னு ஜன்னல்ல கேட்டா "அங்க கேளுங்க", அங்க கேட்டா "மேடம் லீவு".

காப்பீட்டு கார்டு இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, பீரோல பத்திரமா. ஆஸ்பத்திரில சேத்து ஆபரேஷன்னா 5 லட்சம் வரைக்கும். தெனம் போடுற மாத்திரைக்கு அது செல்லாது.

ஷேர் ஆட்டோல வரும்போது தான் அம்மா மெதுவா சொல்றாங்க, போன மாசம் ஃபுல்லா மாத்திரைய பாதி பாதியா உடைச்சு போட்டாங்களாம். ஏம்மான்னு கேட்டா, "சீக்கிரம் தீந்துட்டா மறுபடி போய் நிக்கணுமேடா, இட்லி கடைய யாரு பாத்துப்பாங்க"ன்றாங்க.