வறுமைப் படமும் வசூல் கணக்கும்

ஏழைகளைப் பற்றிப் படமெடுத்துச் சம்பாதிப்பது சரியா தவறா என்ற சண்டை விருதுக் காலம் வந்தாலே தொடங்கிவிடும். "வறுமையை விற்கிறார்கள்" என்று ஒரு கூட்டம். "கலைஞனின் கையைக் கட்டாதே" என்று இன்னொரு கூட்டம். இருவரும் ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. முகத்தைக் கொடுத்தவருக்கு வசூலில் பங்கு எழுதினார்களா இல்லையா? எனக்கு இது தெரிந்தால் போதும், படம் எவ்வளவு சம்பாதித்தாலும் பொறாமை இல்லை.

முதலில் ஒரு வாதத்தைத் தள்ளி வைத்துவிடுகிறேன். வறுமையைக் காட்டினால் நாட்டின் மானம் போகிறது என்கிற வாதம். 1980இல் நர்கீஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றம் சாட்டினார். (இதைச் சொன்னவர் 'மதர் இந்தியா'வில் ஏழை உழவர் பெண்ணாக நடித்துப் பெயர் வாங்கியவர் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.) அதற்கும் முன்பு 1950இல் மெக்சிகோவில் லூயிஸ் புனுவேல், நகரத்துச் சேரிச் சிறுவர்களைப் பற்றி எடுத்த படத்தை எதிர்ப்பு காரணமாகச் சில நாட்களிலேயே திரையரங்கிலிருந்து தூக்கினார்கள். அடுத்த ஆண்டு கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்ததும் அதே ஊர் அதே படத்தைக் கொண்டாடியது. மானம் என்றால் யாருடைய மானம்? சேரியில் இருப்பவனுக்குத் தன் வீடு ஒழுகுவது ஏற்கெனவே தெரியும். வெளியில் தெரிந்துவிட்டதே என்று வெட்கப்பட்டவர்கள் ஒழுகாத வீட்டில் இருந்தவர்கள்.

2009 ஜனவரியில் மும்பையில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு எதிராகச் சேரி மக்களே தெருவுக்கு வந்தார்கள். "நான் நாய் இல்லை", "வறுமை விற்பனைக்கு" என்று அட்டை பிடித்தார்கள். இந்தக் கோபம் வேறு வகை. நம்மைக் காட்டியதில் நமக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கும் இதில் இருக்கிறது. நான் இந்தக் கோபத்தின் பக்கம்.

அந்தப் படத்தின் செலவு சுமார் 1.5 கோடி டாலர். உலக வசூல் 37 கோடி டாலருக்கு மேல். எட்டு ஆஸ்கர். விருது மேடையில் நின்ற குழந்தைகளில் இருவர் விழா முடிந்து மும்பைக் குடிசைக்கே திரும்பினார்கள். சில மாதங்களில் அந்தக் குடிசைகளையும் அதிகாரிகள் இடித்தார்கள். கேள்வி எழுந்தது. படக்குழு சும்மா இருந்துவிடவில்லை. அந்தக் குழந்தைகளின் படிப்புக்கும் வீட்டுக்கும் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள், படிப்பை முடித்தால் 18 வயதில் ஒரு தொகை என்றார்கள், மும்பைச் சேரிக் குழந்தைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 5 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். இயக்குநர் டேனி பாயிலின் நல்ல மனசை நான் சந்தேகப்படவில்லை. எத்தனையோ பேர் இதுகூடச் செய்ததில்லை.

ஆனால் அந்த 5 லட்சம் பவுண்டு அன்றைய மதிப்பில் சுமார் 7.5 லட்சம் டாலர். வசூலில் பாதியைத் திரையரங்குகளும் விநியோகமும் தின்றுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மீதியில் ஒரே ஒரு சதவீதம் என்றாலும் 18 லட்சம் டாலர் வருகிறது. தொகையைவிட என்னை அரிப்பது இன்னொன்று. கொடுத்தவர் அதை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம், நிபந்தனை போடலாம், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டும். பங்கு என்று எழுதியிருந்தால் யாரும் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை.

குழந்தையின் கையில் பணத்தைக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். அதற்கு வழி பழைய காலத்திலேயே கண்டுபிடித்தாயிற்று, அதுவும் ஓர் ஏழைச் சிறுவனைப் பற்றிய படத்தின் வால் பிடித்து. 1921இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் சிறுவயதில் பல லட்சம் டாலர் சம்பாதித்தார். தாயும் மாற்றாந்தந்தையும் அதைச் செலவழித்துத் தீர்த்தார்கள். பெரியவனானதும் வழக்குப் போட்டார், கைக்கு வந்தது 1,26,000 டாலர்தான். அந்த அநியாயத்தால் 1939இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று அங்கே குழந்தை நடிகரின் சம்பாத்தியத்தில் 15 சதவீதத்தைப் பெற்றோர்கூடத் தொட முடியாத கணக்கில் போட வேண்டும். அங்கேயும் 18 வயதுதான். ஆனால் அந்தக் கணக்கில் கிடப்பது அந்தப் பிள்ளையின் சொந்த உழைப்பு. படிப்பை முடித்தாயா, ஒழுங்காக நடந்தாயா என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

மீரா நாயரின் 'சலாம் பாம்பே' இன்னும் சிக்கலான உதாரணம், ஏனென்றால் அதில் நல்லதும் பெரிதாக நடந்தது. 1988இல் அந்தப் படத்தின் வருமானத்திலிருந்து தெருக் குழந்தைகளுக்கான சலாம் பாலக் அறக்கட்டளை தொடங்கியது, இன்றும் நடக்கிறது. எத்தனையோ குழந்தைகள் அதனால் படித்திருக்கிறார்கள். அதில் நாயகனாக நடித்த சிறுவனுக்கு தேசிய விருது கிடைத்தது. அப்புறம் வாய்ப்பு வரவில்லை, பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். ஆட்டோ ஓட்டுவது கேவலம் என்று சொல்லவில்லை, நாயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. பல நூறு குழந்தைகளுக்கு வழி செய்த அதே படத்தின் வருமானத்தில், போஸ்டரில் முகம் இருந்தவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு சிறு வரவு இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. அறக்கட்டளையும் பங்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இதில் என்னை அதிகம் வருத்துவது 1948இல் வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' கதாநாயகன் லம்பெர்த்தோ மஜோரானிதான். ரோம் நகர ஆலைத் தொழிலாளி. ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்டைக் கதாநாயகனாகப் போட்டால் பணம் தருகிறேன் என்று ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் சொன்னதை மறுத்துவிட்டு, உண்மையான தொழிலாளி முகம் வேண்டும் என்று இயக்குநர் டி சிகா இவரைப் பிடித்தார். படம் உலகப் புகழ் பெற்றது. நடித்து முடித்து ஆலைக்குத் திரும்பியவரை, ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியேற்றினார்கள், இவன்தான் சினிமாவில் கோடி கோடியாய்ச் சம்பாதித்துவிட்டானே என்ற நினைப்பில். வேலை போன தொழிலாளியாக நடித்தவருக்கு நடித்ததாலேயே வேலை போனது. பிறகு சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார், அவ்வளவுதான். தொழில்முறை நடிகருக்கு இந்த ஆபத்து கிடையாது. அவர் ஏழையாக நடித்து முடித்ததும் அடுத்த படத்தில் ராஜாவாக நடிப்பார். உண்மையான ஏழைக்கு அந்த ஒரு முகம்தான், அதையும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

சரி, இயக்குநர் பக்கமும் பேச வேண்டும். இந்த மாதிரிப் படங்களில் பெரும்பாலானவை போட்ட பணத்தை எடுப்பதே இல்லை. 'பதேர் பாஞ்சாலி'க்காக ராய் காப்பீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகையையும் அடகு வைத்தார். கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் போட்டு முடித்தது, லாபமும் அரசுக்கே போனது. லெபனானில் 'கபர்நௌம்' எடுத்தபோது இயக்குநர் நாடின் லபாக்கியின் கணவர் வீட்டை அடமானம் வைத்துத் தயாரித்தார். அதில் நடித்த சிரிய அகதிச் சிறுவனின் குடும்பம் பின்னர் நார்வேயில் குடியேறியது. இவர்களைப் பார்த்து "வறுமை வியாபாரி" என்பது அநியாயம். நான் கேட்கும் பங்கு இவர்களை ஒன்றும் செய்யாது. படம் ஓடாவிட்டால் பங்கும் பூஜ்யம். ஓடினால் மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். பங்கு என்றால் மொத்த வசூலில் பங்கு. நிகர லாபத்தில் பங்கு என்று எழுதினால் அது வெறும் காகிதம். அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட், தன் கதைக் கருவிலிருந்து எடுத்த படத்துக்காக, இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1988இல் வந்த, 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்த எடி மர்ஃபி படத்துக்கு நிகர லாபமே இல்லை என்று தயாரிப்பு நிறுவனமான பாரமவுன்ட் கணக்குக் காட்டியது. அந்த நிகர லாபச் சூத்திரம் மனசாட்சிக்கு விரோதமானது என்று 1990இல் நீதிபதி சொன்னார். பெயர் பெற்ற எழுத்தாளருக்கே இந்தக் கதி என்றால், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எப்படிப்பட்ட பத்திரத்தை நீட்டுவார்கள் என்று யோசியுங்கள்.

ஆவணப்படக்காரர்கள் வேறொரு பதில் வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்தால் உண்மை கெட்டுவிடுமாம். ஒளிப்பதிவாளர் காசு வாங்குகிறார், ஒலிப்பதிவாளர் வாங்குகிறார், சாப்பாடு கொண்டுவருபவர்கூட வாங்குகிறார். அவர்கள் வேலையெல்லாம் கெடவில்லை, பசியைப் பற்றிப் பேசுபவர் வாங்கினால் மட்டும் கெட்டுவிடும்! படப்பிடிப்புக்கு முன் காசு காட்டினால் ஆள் கேட்டதையெல்லாம் சொல்வார் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். படம் விற்ற பிறகு கொடுப்பதில் அந்தப் பயத்துக்கு வேலை இல்லையே. கொலம்பியாவில் லூயிஸ் ஒஸ்பினாவும் கார்லோஸ் மயோலோவும் 1970களின் கடைசியில் வறுமையை விற்கும் ஆவணப்படக்காரர்களைக் கிண்டல் செய்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக இருவர் பிச்சைக்காரர்களைத் தேடி அலைகிறார்கள், நீரூற்றில் காசு எறிந்து சிறுவர்களைக் குதிக்க வைக்கிறார்கள். யாரோ ஒருவருடைய குடிசை வாசலில் வாடகைக் குடும்பத்தை நிறுத்திப் படமெடுக்கும்போது வீட்டுக்காரர் வந்துவிடுகிறார். வாயடைக்கப் பணம் நீட்டுகிறார்கள். அவர் அந்த நோட்டால் பின்புறத்தைத் துடைத்துவிட்டு ஃபிலிம் சுருளை உருவி வீசுகிறார். மிச்சமுள்ள விவாதம் எல்லாவற்றையும் அந்த மனிதர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார் என்பேன்.

முகம் காட்டியவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடலாம். மொத்தச் சேரிக்கும் எப்படிப் பங்கு போடுவது, அதை யார் வாங்கிப் பிரிப்பது என்று கேட்டால் என்னிடம் முழு விடை இல்லை. இடைத்தரகன் ஒருவன் முளைத்துவிடுவான் என்பதும் உண்மை. அதனால் முதலில் பட்டியல் போட முடிந்தவர்களுக்காவது தொடங்குவோம். 2024 முதல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்கே பிரதிநிதித்துவம் பற்றிய விவரங்களைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. திரையில் யார், குழுவில் யார் என்று கேட்கிறார்கள். தொழில்முறை அல்லாத நடிகருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், மொத்த வசூலில் பங்கு உண்டா, பத்திரம் அவருக்குத் தெரிந்த மொழியில் இருந்ததா என்று கூடுதலாக மூன்று வரி கேட்டால் போதும். பெரிய விழாக்கள் எல்லாமே கேட்கலாம். சிவப்புக் கம்பளத்தில் ஏழைகளுக்காகக் கண்கலங்கிப் பேசும் தயாரிப்பாளர்களில் எத்தனை பேர் அந்த மூன்று வரியை நிரப்பச் சம்மதிப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.