ஊறுகாய் மட்டும் பதினோரு வகை

அக்கா பையன் பி.டெக் டெக்ஸ்டைல், நாலாவது செமஸ்டர். போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "சித்தி, அஞ்சாவது செமஸ்டர்ல இருந்து மைனர் எடுக்கலாமாம். கிளாஸ்ல பாதிப் பேர் எடுக்கறானுங்க, நானும் எடுக்கட்டுமா?" என்றான். பாதிப் பேர் எடுப்பதுதான் காரணம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், மூன்றாம் செமஸ்டர் வரை சிஜிபிஏ (பத்துக்குப் போடும் மதிப்பெண் சராசரி) 7.5 வைத்திருப்பவர்கள் வேறொரு துறையில் கூடுதலாக 18 கிரெடிட் முடித்தால், டிகிரியோடு மைனரும் கிடைக்கும். மூன்று கிரெடிட் வீதம் ஆறு பேப்பர். மற்ற பையன்கள் கிரிக்கெட் ஆடும் நேரத்தில் நீ ஆறு பேப்பர் அதிகமாக எழுத வேண்டும். விளையாட்டுக் காரியமில்லை.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் என் வேலைதான். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது பையன்களிடம் பேசுவது என் பொறுப்பு. போன மாதம் ஒரு பி.காம் தம்பி வந்தார். ஃபைலைத் திறந்தால் பளபளவென்று பதினோரு சான்றிதழ்: டாலி, அட்வான்ஸ்டு எக்செல், டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஏஐ கூட இருந்தது. ஒரு கடையின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும், விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியையும் லேப்டாப்பில் கொடுத்து, எந்த பில் விட்டுப்போயிருக்கிறது பாருங்கள் என்றேன். ஒரே பில்லுக்கு ஒன்றில் நம்பர் 045, இன்னொன்றில் வெறும் 45. இதெல்லாம் தினமும் நடப்பதுதான். தம்பி பத்து நிமிஷம் திரையையே பார்த்தார், அப்புறம் தண்ணீர் கேட்டார்.

அடுத்து வந்த பெண்ணிடம் ஒரே ஒரு டாலி சான்றிதழ். ஆனால் லீவில் ஒரு நூல் கடையில் பில் போட்டிருக்கிறாள். "முன்னாடி இருக்கற சைபரை எடுத்துடலாங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிட்டாள். இப்போது எனக்கு இரண்டு டேபிள் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

தம்பியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சோறு வைக்காமல் ஊறுகாயாகவே பரிமாறச் சொல்லிக்கொடுத்தது யார்?

டிகிரியோடு இன்னொன்று என்பது நமக்குப் புதிதும் இல்லை. என் காலத்தில் அதன் பெயர் டைப்ரைட்டிங். காலேஜ் விட்டதும் இன்ஸ்டிடியூட், ஒரு மணி நேரம் ஏ-எஸ்-டி-எஃப். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பரீட்சை ஹாலில் அத்தனை மெஷினும் ஒன்றாகத் தட்டும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் வைத்திருந்தால் உனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்று அர்த்தம், அவ்வளவுதான். இன்றைக்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் டைப்பிஸ்ட் வேலைக்கு அதைக் கேட்கிறார்கள்.

அதனால் சான்றிதழே தண்டம் என்றும் சொல்ல மாட்டேன். ஐஐடிக்காரர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் கோர்ஸில் சேரக் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பணம் கட்டி, சென்டருக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். 100 மதிப்பெண்ணில் 75 அந்தப் பரீட்சைக்கு. பன்னிரண்டு வாரம் அசைன்மென்ட் போட்டு அதை முடித்தவன் என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன். வீடியோவை ஓடவிட்டு, சாப்பிடப் போய்வந்து டவுன்லோடு செய்த சான்றிதழை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. இதே கணக்கில் பார்த்தால், ஆறு பேப்பர் எழுதி வாங்கும் மைனர் ஒன்றும் சாதாரணமில்லை.

புதன்கிழமை நானே அவனைக் கூப்பிட்டேன். என்ன மைனர்டா என்றால், ஃபின்டெக்காம், அதாவது நிதித் தொழில்நுட்பம். பக்கத்து வீட்டுப் பையன் அந்த வேலையில்தான் பெங்களூரில் இருக்கிறான் என்று அக்காவின் யோசனை. "உனக்கு அதுல என்னடா புடிச்சிருக்கு?" என்றேன். பதில் இல்லை. வேறென்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன்: டேட்டா அனலிடிக்ஸ், தொழில்முனைவு, பொது நிர்வாகம், சுற்றுச்சூழல். சுற்றுச்சூழல் என்றதும் நிறுத்தினேன். சாயக்கழிவு விவகாரத்தில் 2011-இல் ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, வேலை போனவர்களில் இவன் அப்பாவும் ஒருவர். துணியும் தெரிந்து, கழிவுநீர் சுத்திகரிப்பும் தெரிந்த ஆளுக்கு இந்தப் பக்கம் என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும், அவரிடம் கேள் என்றேன். அந்த ஆறு பேப்பரின் சிலபஸையும் எனக்கு அனுப்பச் சொன்னேன். அரியர் ஒன்று விழுந்தாலும் மைனரை விட்டுவிட்டு முதலில் டிகிரியைப் பார் என்றும் சொல்லிவைத்தேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஆறு பிடிஎஃப் வந்தது. கீழே ஒரு வரி: "சித்தி, மூணாவது பேப்பர்ல கழிவுநீர் சுத்திகரிப்பு பத்தி இருக்கு. அப்பா உக்காந்து படிச்சிட்டிருக்கார்."