தூளி தெரிந்த ஊரில் ஹேமக் கட்டத் தெரியவில்லையே!

கோடை வந்தால் போதும், ஒரு ஹேமக்கையும் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணிப் படுக்கை) பத்து முழம் நைலான் கயிற்றையும் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் கீழ்மலையில் இருக்கும் தாண்டிக்குடிப் பக்கம் தனியாகக் கிளம்பிவிடுகிறார்கள். காப்பித் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்கிறார்கள், சந்தோஷம். அப்புறம் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலேயே அந்தக் கயிற்றை இறுக்கிச் சுற்றுகிறார்கள்! ஆள் ஏறிப் படுத்ததும் கயிறு கொடியை நசுக்கி, பட்டையை அறுக்கிறது. பாவம், பல வருஷம் வளர்த்த கொடி. கொடியில்லாத மரமாகப் பார்த்து 2 அங்குல அகல நாடாவைச் சுற்றினால் என்ன குறைந்துவிடும்?

அதையும் விறைப்பாகக் கட்டுகிறார்கள். தூளி தொய்ந்து தொங்கினால்தான் பிள்ளை தூங்கும் என்று தெரிந்த ஊர் இது! நாடா 30 டிகிரி சரிவில் இருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. அதையே 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 200 கிலோ. முடிச்சு நழுவாமல் என்ன செய்யும்? தொய்வாகக் கட்டி, சற்றுக் குறுக்காகப் படுங்கள், முதுகு வளையாது.

வெயில் காலம்தானே என்று அடியில் போட எதுவும் எடுப்பதில்லை. பகல் சூட்டை நம்பாதீர்கள். நம் எடையில் ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பை) நசுங்கி, சூட்டைத் தாங்காமல் போய்விடும், கீழே ஓடும் காற்று முதுகுச் சூட்டை உறிஞ்சிவிடும். விடியற்காலை நடுக்கம் அதனால்தான். ஒரு ஃபோம் மேட் போதும்.

மே மாத மாலை மழை வேறு. தண்ணீர் நாடா வழியாகவே படுக்கைக்குள் இறங்கும். இரு பக்க நாடாவிலும் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள், அதில் சொட்டிவிடும்.