முட்டை அட்டை ஒட்டினால் அறை ஸ்டுடியோ ஆகிவிடுமா?

"சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுங்கள், வெளிச்சத்தம் வராது, இனி ஸ்டுடியோ தேவையில்லை" என்ற தகவல் தவறு.

சத்தத்தைத் தடுப்பது எடையும் இடைவெளி இல்லாத அடைப்பும்தான். அட்டையில் இரண்டும் இல்லை. ஸ்டுடியோவில் அறைக்குள் அறை கட்டி, நடுவே காற்று இடைவெளி விட்டு, கதவு விளிம்பு முழுக்க ரப்பர் வைத்து அடைக்கிறார்கள். கதவடியில் ஒரு சந்து இருந்தால் போதும், அத்தனை உழைப்பும் வீண்.

எதிரொலிக்காவது உதவுமா? தாழ்ந்த ஒலியான 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) அலையின் நீளமே சுமார் 3.4 மீட்டர், சில சென்டிமீட்டர் அட்டையை அது பொருட்படுத்தாது. உயர்ந்த ஒலிகள் மட்டும் கொஞ்சம் மங்க, குரல் பெட்டிக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். 3 மீட்டர் இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே 57 ஹெர்ட்ஸ் அருகே பேஸ் (தாழ்ந்த ஒலி) எதிரொலித்துக் குமுறுவதும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, காகித அட்டை எளிதில் தீப்பிடிக்கும்.

வீட்டில் குரல் பதிய, 10 செ.மீ. தடிமன் ராக்வூல் (கல் இழை) பலகைகளைத் துணியால் நன்றாக மூடி, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். முதல் பலகை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வரட்டும். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி போதும்.

டிரம்ஸ், பலர் சேர்ந்து வாசிக்கும் இசை என்றால் ஸ்டுடியோவின் உயர்ந்த கூரையும் பெரிய கூடமும் வேண்டும்.