அந்த 22 வினாடியை வெட்டிவிடாதீர்கள்

சனிக்கிழமை இரவு கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. 2 நிமிடம் 14 வினாடி. அனுப்பியவள் எங்கள் பழைய தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்து வீட்டில் இருந்தவரின் பேத்தி. கல்லூரியில் ஊடகம் படிக்கிறாள். ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். முழுப் படம் வேண்டாம், முதல் இரண்டு நிமிடம் போதும். நான்கு பிள்ளைகள் சேர்ந்து, லீவுக்கு வந்தபோது மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலேயே எடுத்திருக்கிறார்கள்.

வீடியோவோடு ஒரு குரல் பதிவும் வந்தது. "மாமா, பார்த்துட்டு உண்மையச் சொல்லுங்க. மார்க்கு கம்மியாத்தான் வந்திருக்கு. நடுவுல ஒரு ஷாட்டு ரொம்ப இழுவையாம், அத வெட்டிட்டு திரும்பக் குடுக்கச் சொல்லிட்டாங்க. தாத்தாதான் அத வெட்டாதேங்கிறாரு."

ஏழு தடவை பார்த்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் இந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் என்று கேமரா தூக்கியவன் நான். சினிமா எடுத்ததில்லை. ஆனால் படமும் ஒலியும் எங்கே கெடும், ஏன் கெடும் என்று தெரியும். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படம் எடுக்கும் பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆகட்டும்.

படத்தின் பெயர் 'நெரை'. பெயரைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மர வரிசை. பால்மரக் (ரப்பர்) காலத்தில் "எத்தனாவது நெரையில நிக்கிற?" என்று கேட்டுத்தான் ஒருவரை ஒருவர் தேடினோம். பயப் படத்துக்கு இருட்டு, இரத்தம், மரணம் என்று பேர் வைக்காமல் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு மொழி கைவந்திருக்கிறது.

விடியலுக்கு முன் சமையற்கட்டில் படம் தொடங்குகிறது. ஒரு பெண் தூக்குச்சட்டியில் சோறு கட்டுகிறாள், போத்தலில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றி மூடியைத் திருகுகிறாள். வாசலில் வயதானவர் ஒருவர் மோட்டாரை உதைக்கிறார். "மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்துப் போங்க." அவர் "ம்" என்கிறார். மோட்டார் சத்தம் தூரத்தில் தேய்கிறது. அடுத்து அந்த 22 வினாடி.

கேமரா தரையில் கிடக்கிறது, அசைவே இல்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) நெரை, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, கொஞ்சம் பனி. ஆள் யாரும் இல்லை. சத்தம் மட்டும் வருகிறது. அரிவாள் இழுபடுகிறது, மட்டை சளாரென்று சரிகிறது, தொம்மென்று குலை விழுகிறது, பின்னாலேயே உதிரிப் பழங்கள் பொலபொலவென்று. மறுபடியும் அதே வரிசை. மூன்றாவது தடவையும். நான்காவது தடவை அரிவாள் இழுபடுகிறது, மட்டை சரிகிறது. குலை விழவில்லை. எதுவுமே விழவில்லை.

முதல் தடவை பார்த்தபோது என் கையில் மயிர்க்கூச்செறிந்தது. மனைவி அடுப்படியிலிருந்து படத்தைப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "என்னாச்சு அவருக்கு?" என்று கேட்டாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான்.

தோட்டம் அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். உயரமான செம்பனையில் பழுத்த குலையை நேரடியாக அறுக்க முடியாது. குலையைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் அறுத்துத் தள்ள வேண்டும், அதன்பிறகுதான் குலையின் காம்புக்கு அரிவாள் போகும். நீளக் கம்பின் நுனியில் கட்டிய வளைந்த அரிவாள் அது. குலை ஒவ்வொன்றும் 15, 20 கிலோவுக்குக் குறையாது. அடியில் நிற்பவன் தலைக்கு மேல் அவ்வளவு எடையும் அவ்வளவு கூர்மையும் இருக்கின்றன. ஆகவே மட்டை விழுந்தால் குலை விழ வேண்டும். மட்டை விழுந்து குலை விழவில்லை என்றால் வெட்டுபவன் கை நின்றுவிட்டது என்று அர்த்தம். ஏன் நின்றது என்பதுதான் படம்.

த்ரில்லர் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பல நாள் பேசிய நேர்காணலில் ஓர் உதாரணம் சொன்னார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவனுக்கு 15 வினாடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பதும், எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடப் பதைப்பாகிவிடும். இந்தப் பிள்ளைகளின் படத்தில் அந்தக் குண்டின் இடத்தில் ஒரு செம்பனைக் குலை. அது எப்போது விழ வேண்டும் என்று முதல் மூன்று மரங்களில் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நான்காவதில் கையை விரிக்கிறார்கள். இதற்கா மார்க்கைக் குறைப்பது?

விரிவுரையாளர் மேல் எனக்குக் கோபமில்லை. எந்தக் கல்லூரி என்பதும் இங்கே வேண்டாம். அவர் காதில் அது விழவே இல்லை, அவ்வளவுதான். விழாமல் போனதற்குப் பாதிக் காரணம் அவர் தோட்டம் அறியாதவர் என்பது. மீதிப் பாதி பிள்ளைகளின் குற்றம். அதைத்தான் இப்போது விரிவாகச் சொல்ல வேண்டும்.

மகளே, ஒலியைக் கைப்பேசியின் மைக்கிலேயே எடுத்திருக்கிறீர்கள். கைப்பேசி தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்கும். சத்தம் பெரிதாக வந்தால் அமுக்கும், அமைதி வந்தால் ஏற்றும். விளைவு என்ன தெரியுமா? 'தொம்' என்று நெஞ்சில் விழ வேண்டிய குலை, மெத்தையில் விழுந்த தலையணை மாதிரி கேட்கிறது. நான்காவது மட்டைக்குப் பிறகு அமைதி வர வேண்டிய இடத்தில், அது அமைதியைத் தேடிப் போய் ஏற்றி, 'உஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வகுப்பறை ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் மட்டும்தான் கேட்டிருக்கும். படத்தின் உயிர் இருக்கும் இடத்தை மிஷின் மூடிவிட்டது.

இதற்குப் பணம் வேண்டாம். ஒலி அளவைக் கையால் நிறுத்திவைக்கும் பதிவுச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. படத்தை ஒரு கைப்பேசியில் எடுங்கள், ஒலியை இன்னொன்றில். அதைக் காற்று அடிக்காமல் துணியில் சுற்றி, குலை விழும் இடத்துக்குப் பக்கத்தில், ஆனால் மேலே விழாத தூரத்தில் வையுங்கள். பிறகு யாரும் பேசாமல், நடக்காமல் ஒரு நிமிடம் தோட்டத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். பூச்சி, தூரத்து லாரி, இலையிலிருந்து சொட்டும் நீர் எல்லாம் அதில் இருக்கும். நான்காவது மட்டைக்குப் பிறகு வர வேண்டியது அதுதான். ஒன்றுமே இல்லாத ஒலியைப் போட்டால் பார்ப்பவன் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பான்.

முதல் வினாடியிலிருந்தே கீழே ஓடும் அந்த 'ஊஊம்' இசையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எங்கேயோ தரவிறக்கியது. சோறு கட்டும்போதே பயப்படச் சொல்கிறது. அதனால் அம்மாவாக நடித்தவரும் (உன் சொந்த அம்மாதான் என்று கேள்விப்பட்டேன், கை அசைவெல்லாம் அவ்வளவு இயல்பு) ஆரம்பத்திலேயே கண்ணை உருட்ட வேண்டியதாகிவிட்டது. அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. தினமும் ஊற்றும் தே ஓ அது. அப்படியே ஊற்றட்டும்.

சமையற்கட்டில் படம் முழுக்கக் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. ட்யூப் லைட்டின் வேலை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப் லைட் வினாடிக்கு 100 தடவை மின்னி அணையும். நீங்கள் வினாடிக்கு 30 படம் என்று வைத்து எடுத்திருக்கிறீர்கள். 25 என்று மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் நிறுத்துங்கள், பட்டை போய்விடும். வாசலில் தாத்தாவும் அம்மாவும் பேசும் இடத்தில் இருவருக்கும் நடுவே இருப்பதாக நினைத்துக்கொள்ளும் கோடு ஒன்று உண்டு, கேமரா அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிறார்கள். இது எல்லோரும் செய்யும் தவறு, சீக்கிரம் திருந்தும்.

நெரையில் இன்னொரு கோளாறு. நடுப்பகலில் எடுத்து நீலம் பூசி விடியற்காலை ஆக்கியிருக்கிறீர்கள். மரத்து நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடப்பது காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதன்மேல் சேர்த்திருக்கும் பனி மட்டும் உண்மையாகத் தெரிகிறது, அதை எந்தக் காலையில் எடுத்தீர்களோ அந்தக் காலைக்கே திரும்பிப் போங்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து நமக்கு ஏழு மணிக்கு மேல்தான் சூரியன். வெளுக்க ஆரம்பித்து வெயில் வரும்வரை இருபது நிமிடம் கிடைக்கும். நம் பக்கத்து விடியல் காத்திருக்காது, எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த இடம்.

22 வினாடி முடிந்ததும் திரை குலுங்குகிறது. தலையை மூடிய கருப்புச் சட்டைக்காரன் ஒருவன் மரங்களுக்கு நடுவே ஓடுகிறான். கையில் கத்தி. டமார் என்று ஒரு சத்தம். சிவப்பு எழுத்தில், இரத்தம் வடிய 'நெரை'. ஏன் பிள்ளைகளே? அவன் யார்? சுங்கை சிப்புட் வெக்கையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்த ஊர்க்காரன் ஓடுவான்? மூன்று மரங்களில் பாடுபட்டுக் கட்டிய கேள்விக்கு, நான்கு வினாடியில் யாரோ ஒருவனைக் கொண்டுவந்து பதில் சொல்லிவிட்டீர்கள். கேள்வி செத்துப்போனது. விரிவுரையாளருக்கு அந்தப் பகுதிதான் பிடித்ததாம், விறுவிறுப்பாக இருக்கிறதாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஓட்டத்தை எந்த ஊரிலும் எடுக்கலாம். அந்த அமைதியை நம் ஊரில்தான் எடுக்க முடியும்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். 1948 ஜூன் 16ஆம் தேதி, இதே சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் அதிலிருந்து தொடங்கி 1960 வரை நீண்டது. முள்வேலி, ஊரடங்கு, வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடாத காலம். இருட்டோடு நெரைக்குள் போகும் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டே மரம் வெட்டுவார்களாம். பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சும்மா ஒரு 'கூ'. பதிலுக்கு ஒரு 'கூ'. பாட்டி எங்களுக்குக் கதை சொல்லும்போது துப்பாக்கியைப் பற்றிப் பெரிதாகச் சொன்னதே இல்லை. ஒரு நாள் பக்கத்து நெரையிலிருந்து பதில் வராமல் போனதைத்தான் சொல்வார். வாளியைப் போட்டுவிட்டு ஓடிப் பார்த்தால், அந்தம்மா காலில் முள் குத்தி உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது பாட்டி நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது. நேற்று போனில் கேட்டேன், "யார் சொன்னது நான்காவது குலை விழக்கூடாது என்று?" அவள் சொன்னாள்: "யாரும் சொல்லல மாமா. தாத்தா வெட்டப் போனா பாட்டி வீட்டுல உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருப்பாங்க. சத்தம் நின்னா வாசலுக்கு வந்துருவாங்க." தாத்தா தோட்ட வேலையில் இல்லை, சொந்தமாக இருக்கும் சிறு நிலத்தில் வெட்டுகிறார். தோட்டங்களில் இப்போது அரிவாள் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். அவர்கள் ஊரில் இருக்கும் மனைவிகளுக்கு எண்ணிக் காத்திருக்க அந்தச் சத்தம்கூடக் கேட்காது.

ஆகவே என் கருத்து இது. 22 வினாடியை வெட்டக் கூடாது, 40 ஆக்க வேண்டும். இப்போது மூன்று மரமும் அவசர அவசரமாக வெட்டப்படுகின்றன. எந்த மனிதனும் அவ்வளவு வேகமாக வெட்ட மாட்டான். தாளம் காதில் உட்கார்வதற்குள் நான்காவது வந்துவிடுகிறது. மட்டைக்கும் குலைக்கும் நடுவே ஒரு மூச்சு விடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அந்த இடைவெளி ஒரே அளவாக இருக்கட்டும், உதிரிப் பழம் உருண்டு நிற்கும்வரை கேட்கட்டும். அப்படிச் செய்தால் தோட்டத்தைக் கண்ணால் காணாதவனுக்கும் காது பழகிவிடும், விரிவுரையாளருக்கும் சேர்த்து. நான்காவது மட்டை விழுந்ததும் பத்து வினாடி தோட்டத்தின் ஒலி மட்டும். பிறகு சமையற்கட்டு. அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தி, குழாயை மூடி, தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்புகிறார். கருப்புத் திரை. வெள்ளை எழுத்தில் 'நெரை'. ஓடுபவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மார்க்கு கிடைக்குமா என்று கேட்டாள். எனக்கு மார்க்கு போடத் தெரியாது. வெட்டச் சொன்னதை வெட்டாமல், ஏன் வெட்டவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கூடவே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல ஆசிரியர் அதைப் படிப்பார்.

தாத்தா நிலத்தில் அடுத்த வெட்டு வரும் ஞாயிறு. நான்காவது மரத்தில் உதிரி கொட்ட ஆரம்பித்துவிட்டதாம். கல்யாணங்களுக்குக் கொண்டுபோன என் பழைய ரெக்கார்டரைத் தூசி தட்டி பேட்டரி போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. காலை ஆறரைக்கு நால்வரும் நிலத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பாட்டியையும் வாசலில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன்.