முன்னால் ஆடும் பையனை முழு ஆட்டமும் ஆட விடுங்கள்

நேற்று காந்தி மைதானத்துக் கால்பந்து ஆட்டத்தில் நடந்ததை கோத்தகிரி முழுக்கப் பேசியாகிவிட்டது, நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. முன்னால் ஆடிய பையன் கோல் அடிக்க வந்த ஒரு வாய்ப்பைத் தவறவிட்டான். இடைவேளையிலேயே உட்கார வைத்துவிட்டு, காசு கொடுத்துக் கூட்டிவந்த வெளியூர் ஆட்டக்காரரை இறக்கினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "இந்தியாவுக்கே கோல் அடிக்க ஆள் இல்ல, இவன் அடிச்சிடுவானா" என்று ஓரத்தில் நின்று கத்தினீர்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆள் இல்லையா? 2025 அக்டோபரில் சிங்கப்பூருடனான ஆட்டத்தில் இந்தியா பத்துப் பேருடன் ஆடிக்கொண்டிருந்தது, தோற்கப் போகிறோம் என்றிருந்த நேரத்தில் 90-வது நிமிடம் கோல் போட்டு சமன் செய்தது ரஹீம் அலி. 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூருக்காகக் கோல் அடித்தது காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூர் சிவசக்தி நாராயணன். முன்னால் ஆட ஸ்ரீநகரில் இருந்து சுஹைல் பட் வந்திருக்கிறார், கோவாவில் இருந்து இர்ஃபான் யாத்வாட் வந்திருக்கிறார். ஆள் இருக்கிறார்கள். ஆட இடம்தான் இல்லை.

இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களத்தில் வைக்கலாம். பெரும்பாலும் அதில் ஒருவர் நடு ஃபார்வர்டு, அதாவது கோல் அடிக்கவே முன்னால் நிற்பவர். 2024-25 சீசனில் அதிக கோல் அடித்தவர் மொராக்கோவின் அலாதீன் அஜாரை, 23 கோல். இந்தியர்களில் முதலிடம் 14 கோல் அடித்த சுனில் சேத்ரிக்கு, நாற்பது வயதில். சர்வதேச ஆட்டத்தில் இருந்து ஓய்வு அறிவித்துப் போனவரை 2025 மார்ச்சில் தேசிய அணிக்குத் திரும்ப அழைத்தார்கள். கோல் அடிக்க வேண்டிய இளம் ஸ்ட்ரைக்கர்களோ ஓரத்தில், விங்கில் ஓடுகிறார்கள், இல்லையென்றால் கடைசிப் பத்து, பதினைந்து நிமிடம் இறங்குகிறார்கள். அதற்குள் ஒன்றைத் தவறவிட்டால் போச்சு.

வெளிநாட்டவர் வந்தால் தரம் உயரும் என்பீர்கள். உயரும், சரி. ஆனால் "திறமை இருந்தால் தானாக மேலே வருவான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சேத்ரியே தானாக வரவில்லை. 2005-ல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக இருபது வயதில் அவரை நம்பி இறக்கினார்கள், அன்றே கோல் அடித்தார். இறக்காமல் இருந்திருந்தால்?

என் தம்பி எங்கள் எஸ்டேட் அணிக்கு முன்னால் ஆடியவன். அம்மா கொழுந்து பறித்த கூலியில் பூட் வாங்கிக் கொடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு செலக்‌ஷனுக்கு முதல் பஸ் பிடித்துப் போனான். ஃபார்வர்டு என்று சொல்லியும் கேட்காமல் பின்னால், தடுப்பாட்டத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆட வைத்து, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு பிக்கப் ஓட்டுகிறான். உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன முறை நான் இதை எழுதியபோது "உன் தம்பிக்குத் திறமை பத்தல" என்று ஒருவர் பதில் போட்டார். கேட்கிறேன், அவன் அன்று ஒரு நிமிடமாவது முன்னால் ஆடினானா? ஆட விடாமலேயே திறமை இல்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?