ஷரத்து மட்டும் காப்பாற்றாது

'கான்ட்ராக்ட் ஆட்களுக்கான பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பொறுப்பு முழுவதும் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும்' என்கிறது கான்ட்ராக்ட் ஆட்களை வைப்பது பற்றிய ஒரு கட்டுரை. பாதிதான் சரி. அந்த ஷரத்து உங்களுக்கும் ஏஜென்சிக்கும் இடையே செல்லுபடியாகும். இஎஸ்ஐ அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. சட்டப்படியே முதல் பொறுப்பு முதன்மை முதலாளிக்குத்தான், அதாவது அந்த ஆட்களிடம் வேலை வாங்கும் உங்களுக்குத்தான். கட்டிவிட்டு, ஏஜென்சி பில்லில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே. பில்லை முழுதாகக் கொடுத்துவிட்டால் எதில் கழிப்பது?

பெரும்பாலோர் ஏமாறுவது பணம் கட்டிய சலானில். ஏஜென்சி காட்டும் பிஎஃப் சலான் அவர்களுடைய ஐந்தாறு கிளையன்ட்டுகளுக்கும் சேர்ந்த மொத்தத் தொகை. உங்கள் 40 பேர் அதில் இருக்கிறார்களா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈசிஆர் ஃபைலை (ஆள் வாரியாக பிஎஃப் விவரம் உள்ள மாதக் கணக்கு) வாங்கி, யுஏஎன் எண் (ஒவ்வொருவருக்குமான பிஎஃப் எண்) வாரியாகக் கேட் வருகைப் பதிவோடு ஒப்பிடுங்கள். பெயர் இருந்தாலும் என்சிபி நாட்கள் (சம்பளமும் பங்களிப்பும் இல்லாத நாட்கள்) பத்தியை விடாதீர்கள். 26 நாள் வந்தவருக்கு 11 நாள் ஆப்சென்ட் போட்டுப் பங்களிப்பைக் குறைப்பது பழைய வித்தை.

ஒரு மாதத்துக்கான பிஎஃப், இஎஸ்ஐ கட்டக் கெடு அடுத்த மாதம் 15-ம் தேதி. பில் அதற்கு முன்பே வந்துவிடும். அதனால் சம்பளத் தொகையை உடனே விடுவித்து, பிஎஃப், இஎஸ்ஐ பங்கையும் சர்வீஸ் சார்ஜையும் ஈசிஆர் வந்தபின் கொடுப்பதாக பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். சம்பளத்தை மட்டும் நிறுத்தாதீர்கள், ஏஜென்சி கொடுக்காவிட்டால் அதுவும் உங்கள் தலையில்தான் விழும்.

இஎஸ்ஐ எண் இல்லாதவருக்கு கேட் பாஸ் போடவே கூடாது. விபத்து நடந்த அன்று எடுத்த எண்ணைத்தான் இஎஸ்ஐ அலுவலகத்தில் முதலில் துருவுவார்கள்.